மூன்றாம் பருவத்தில் பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள்? நடுநிலைப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்துகிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வாசலில் என்னை நிறுத்திப் பெற்றோர் கேட்பவை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றுதான். கேட்பவர்கள் எல்லாருமே பிள்ளைமேல் உள்ள அக்கறையில் கேட்கிறார்கள். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் எனக்கே நிறைவாக இருப்பதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், மூன்றாம் பருவம் என்றால் எந்த மாதங்கள்? எல்லா வகுப்புக்கும் அது உண்டா?

நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் உண்டு. நான் இங்கே பேசுவது ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளைப் பற்றி. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் தொடங்கி, ஏப்ரலில் ஆண்டுத் தேர்வோடு முடிவது மூன்றாம் பருவம். ஆறுக்கும் ஏழுக்கும் பருவத்துக்குத் தனிப் புத்தகம். எட்டாம் வகுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம்.

மூன்று பருவங்களில் இதுதான் நெருக்கடியானது. பொங்கல், உள்ளூர்த் திருவிழாக்கள், ஆண்டு விழா எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. ஆனால் பள்ளிக்கு வெளியே பார்த்துக் கற்பதற்கு இதைவிட நல்ல காலம் நம் மாவட்டத்தில் இல்லை.

பையனின் நோட்டில் ‘இளவேனில்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறான். நம் ஊரில் வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் ஏது?

தமிழில் பெரும்பொழுது ஆறு. மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். பனி என்ற சொல் நமக்குப் பொருந்தாததுபோலத் தெரியும். ஆனால் மாசி விடியற்காலையில் சுசீந்திரம் வயல் வரப்பில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்த மாதங்களில் நம்மைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள். நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ நெல் அறுவடை. பனையில் அக்கானி என்னும் பதநீர் இறங்கத் தொடங்குகிறது. கொல்லாமரத்தில், அதாவது முந்திரியில், பூ காயாகிப் பழமாகிறது. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற ரப்பர் மரங்கள் செம்பு நிறத் தளிரோடு நிமிர்கின்றன. தேனீ வளர்ப்பவர்கள் பெட்டிகளை ரப்பர் தோட்டத்தில் வைப்பதும் அப்போதுதான். ரப்பரில் தேனீக்குத் தேன் கிடைப்பது பெரும்பாலும் பூவிலிருந்து அல்ல. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன, இளம் இலையில் அவை இனிப்பு நீரைச் சுரக்கின்றன. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தத் தேனின் பெரும்பங்கு இலைக்காம்பிலிருந்து வருகிறது என்பதைச் சித்தி வீட்டுத் தோட்டத்தில் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு, ‘சுரப்பி’ என்ற சொல்லை நான் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: ஒரு மரத்தையோ செடியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், வாரம் ஒருமுறை தேதி போட்டு, கண்ணால் கண்டதை மட்டும் நான்கு வரி எழுத வேண்டும். ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘சென்ற வாரம் ஏழு மொட்டு, இந்த வாரம் மூன்று பூ, இரண்டு மொட்டு, இரண்டு உதிர்ந்துவிட்டன’ என்றால் அது அறிவியல்.

உச்சி வெயிலில் பிள்ளைகளைக் குச்சி நட்டு நிழல் அளக்க விடுகிறீர்களாமே? அதனால் என்ன பயன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைச் செங்குத்தாக நட்டு, நண்பகலில் அதன் மிகக் குறுகிய நிழலை அளக்கிறோம். ஜனவரி 20 வாக்கில் நம் ஊரில் அந்த நிழல் ஏறத்தாழ 54 செ.மீ. இருக்கும். பிப்ரவரி 20இல் 35 செ.மீ. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் மார்ச் 21இல் 14 செ.மீ. ஏப்ரல் 10, 11 வாக்கில் நிழலே இல்லை. சூரியன் நேர் தலைக்குமேல் வந்துவிடுகிறது. சென்னையில் இது நடக்க ஏப்ரல் 24 வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தென்கோடியில் இருக்கிறோம் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவதற்கும், சென்னைக்கு முன்பே நம் நிழல் மறைவதைப் பிள்ளையே அளந்து அறிவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

இன்னொரு வியப்பும் இதில் இருக்கிறது. நிழல் மிகக் குறுகுவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. மார்ச் 21இல் அது 12.27 அளவில் நடக்கிறது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது, நாமோ 77.5 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் ஐந்து பாகைக்கு இருபது நிமிடம். மிச்சமுள்ள ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று ஏழாம் வகுப்பில் ஒருவராவது கேட்பார்கள். பூமியின் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்வது அது. அந்தக் கேள்வி வரும் நாளில் பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு அதையே பேசுகிறோம்.

வெயிலில் பிள்ளைகள் நிற்பது மொத்தம் பத்து நிமிடம்தான். இரண்டு பேர் அளப்பார்கள், மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் இருந்து எழுதுவார்கள். ஒருமுறை ஒரு குழுவின் அளவு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. குச்சி சாய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் கொத்தனார் ஒருவரின் மகன் அப்பாவின் தூக்குக்குண்டை எடுத்துவந்து எல்லாக் குச்சிகளையும் சரிபார்த்தான். கணக்கில் அதுவரை பத்துக்கு மூன்று வாங்கிக்கொண்டிருந்தவன் அவன். அன்று முழுவதும் வகுப்பு அவனைத்தான் கேட்டது.

இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டா, சும்மா செய்வதா?

உண்டு. ஆறு, ஏழாம் வகுப்புகளில் பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் 60 பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40இல் 20 செயல்பாடுகளுக்கு, 20 சிறு தேர்வுகளுக்கு. நிழல் அளப்பதும் பருவ நோட்டும் முதல் 20இல் சேரும்.

மதிப்பெண் இல்லாவிட்டாலும் செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் ஒட்டுவதற்குப் படம் எல்லாம் கடையில் அச்செடுத்து வாங்கிவிட்டோம். நானே எழுதியும் கொடுத்துவிட்டேன். போதும் அல்லவா?

அம்மா, உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் அதற்கு நான் மதிப்பெண் போட முடியாது. வேலை முடிந்து வந்து, சமைத்து, இரவு பத்து மணிக்குமேல் உட்கார்ந்து எழுதியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மனம் வருந்துகிறது. செயல்பாட்டுக்கு உள்ள 20 மதிப்பெண்ணும் பிள்ளை பார்த்ததற்கு, அளந்ததற்கு, தன் சொல்லில் சொன்னதற்கு. கோணலாக வரைந்த கொல்லாம்பழம் போதும். கடைப் படத்தை யார் ஒட்டினாலும் ஒன்றுதான்.

பெற்றோர் செய்யக்கூடிய உதவி வேறு. ‘இன்று என்ன அளந்தாய்?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போது குறுக்கே திருத்தாமல் முழுவதும் கேளுங்கள். வீட்டில் பனையேறியவர், வலை பின்னியவர், நாற்று நட்டவர் யாராவது இருந்தால் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். ஒரு தாத்தா, அக்கானி புளிக்காமல் இருக்கக் கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லியிருந்தார். அமிலம், காரம் பாடத்தை அதிலிருந்தே தொடங்கினேன்.

குளத்துக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போகிறீர்கள் என்றால் பயமாக இருக்கிறது. அனுப்பாமல் இருக்கலாமா?

பயம் நியாயமானது. எழுத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அழைத்துப்போவதில்லை. அனுப்பாவிட்டால் மதிப்பெண் குறையாது, அந்தப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே வேறு செயல்பாடு உண்டு. ஆனால் முதலில் எங்கே, எப்படிப் போகிறோம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேரூர் குளத்துக்குப் பிப்ரவரியில் காலை வேளையில் போகிறோம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம் மாவட்டத்தின் வேம்பனூர் ஈரநிலமும் அதே ஆண்டில் சேர்ந்தது. சாலையோரம் நின்றே கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் மீசை ஆலாவையும் பார்க்கலாம். தண்ணீரில் இறங்குவதில்லை. மார்ச் முடிவதற்குள் வலசைப் பறவைகள் குறையத் தொடங்கிவிடும் என்பதால், தேர்வு முடியட்டும் என்று இதைத் தள்ளிவைக்க முடியாது.

கடற்கரையில் எங்கள் விதி இன்னும் கடுமையானது. மார்ச் முதல் மே வரை நம் கரைக்குக் கள்ளக்கடல் வரக்கூடும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய பலத்த காற்று எழுப்பும் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து இங்கே வந்து மோதும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் அமைதியாகத் தெரியும்போதே திடீரென்று ஏறும் என்பதால்தான் மீனவர்கள் அந்தப் பெயர் வைத்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது இருக்கும் நாளில் பயணம் கிடையாது. இல்லாத நாளிலும் ஈர மணலை மிதிப்பதில்லை, காய்ந்த மணலில் நின்று பார்ப்பதோடு சரி. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் கடலைப் பற்றி எங்களைவிட அதிகம் அறிந்தவர்கள். அன்று அவர்கள் சொல்ல, மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

இத்தனை உள்ளூர் விடுமுறை வந்தால் பாடம் எப்படி முடியும்?

மாசியில் மகா சிவராத்திரி, மாசி 20இல் அய்யா வைகுண்டர் அவதார நாள், மண்டைக்காடு கொடை என்று நம் மாவட்டத்துக்கு அடுத்தடுத்து வருவது உண்மைதான். உள்ளூர் விடுமுறைக்கு ஈடாகப் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிள்ளையை அனுப்பாமல் விடுவதுதான் பாடம் விடுபட முதல் காரணம். அன்று வருகை பாதியாகிவிடுகிறது.

திருவிழாவையே பாடமாக்கவும் முடியும். சிவராத்திரியில் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப்போய் வழிபடுவது சிவாலய ஓட்டம். முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அதன் பன்னிரண்டு ஊர்களையும் மாவட்ட வரைபடத்தில் குறித்து, ஊருக்கு ஊர் தூரத்தை அளவுகோல் வைத்துக் கணக்கிடச் சொன்னேன். ஓடிவந்த மாமா சொன்ன தூரத்துக்கும் வரைபடத்தில் கிடைத்த தூரத்துக்கும் பெரிய வேறுபாடு வந்தது. ஏன் வந்தது? வரைபடத்தில் நேர்கோடு போட்டோம், சாலையோ குன்றையும் குளத்தையும் சுற்றிப் போகிறது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து போட்ட கணக்கு அது.

வீட்டில் மலையாளம் கலந்துதான் பேசுகிறோம். பெண்ணின் தமிழ் கெட்டுவிடாதா?

கெடாது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் - கொச்சியில் இருந்தது. இரண்டு மொழியும் இங்கே ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் எழுதும்போது திணறுவது உண்மை. அதற்குக் காரணம் மலையாளம் அல்ல, தமிழில் போதிய அளவு வாசிக்காததுதான்.

பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளில் தமிழாசிரியரும் நானும் சேர்ந்து ஒரு வேலை கொடுக்கிறோம். நோட்டில் இரண்டு பத்தி: வீட்டுச் சொல், புத்தகச் சொல். மரச்சீனிக்கு எதிரே மரவள்ளி, அக்கானிக்கு எதிரே பதநீர், சக்கைக்கு எதிரே பலா, கொல்லாங்கொட்டைக்கு எதிரே முந்திரிக்கொட்டை. தேர்வில் இரண்டாம் பத்தியில் உள்ளதை எழுத வேண்டும், முதல் பத்தியில் உள்ளதை மறக்கக் கூடாது. வீட்டுச் சொல்லைத் தப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுவேன்.

எட்டாம் வகுப்பில் தோற்றால் நிறுத்திவிடுவார்கள் என்று செய்தியில் சொன்னார்களே?

இரண்டு செய்திகள் கலந்துவிட்டன. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று மத்திய அரசு 2024 டிசம்பரில் விதி மாற்றியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, இங்கே எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்துவதில்லை. அதற்கு முன் 2019இல் இந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று மாநில அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அந்தப் பழைய அறிவிப்பு இன்னும் கைபேசிகளில் சுற்றுகிறது.

நிறுத்த மாட்டார்கள் என்பதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. அங்கே யாருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியாது. ஒரு பத்தியைத் தானே வாசித்துப் பொருள் சொல்ல முடியுமா, வகுத்தல் தடுமாறாமல் வருமா என்று பிப்ரவரியிலேயே பாருங்கள். வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள். ஏப்ரலில் சொன்னால் எங்களால் செய்யக்கூடியது குறைவு.

என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் படிக்கும் பையனை இந்தச் செயல்பாடுகளிலிருந்து விட்டுவிடக் கூடாதா?

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வைக் கேட்கிறீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்களுக்கு உரியது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. கட்டாயம் எழுத வையுங்கள்.

விட்டுவிடச் சொல்வதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். மனத்திறன் பகுதியில் கேட்பது தொடர்வரிசை, ஒழுங்கு, விட்டுப்போன எண். 54, 35, 14 என்று குறைந்துவரும் நிழலைப் பார்த்து அடுத்து என்ன வரும் என்று யோசித்த பிள்ளைக்கு அது புதிதல்ல. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் குழுத் தலைமையிலிருந்து விலக்கு கொடுக்கிறோம், அளவெடுப்பிலிருந்து கிடையாது.

என் மகள் குழுவில் வாயே திறப்பதில்லை. வேலையெல்லாம் செய்கிறாள், பேர் இன்னொருத்திக்குப் போகிறது.

இதைச் சொன்னதற்கு நன்றி. குழு வேலையில் உண்மையாகவே நடக்கும் அநீதி இது. அதனால் குழுவில் நால்வருக்கும் நான்கு பொறுப்பு: அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், சொல்பவர். வாரம் தோறும் மாறும். சொல்பவர் முறை வரும் வாரத்தில் அமைதியான பிள்ளை மொத்த வகுப்புக்கும் முன்னால் நிற்க வேண்டியதில்லை, பக்கத்துக் குழுவிடம் போய்ச் சொன்னால் போதும். ஒவ்வொருவரின் நோட்டையும் தனித்தனியே பார்த்துத்தான் மதிப்பெண். உங்கள் மகள் பேசுவதற்கு ஒரு பருவம் பிடிக்கலாம். நான் காத்திருப்பேன்.

மகள் பெரியவளாகிவிட்டாள். சடங்கு முடியும்வரை இரண்டு வாரம் அனுப்பாமல் இருந்தால் பரவாயில்லையா?

உங்கள் வீட்டு வழக்கத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் இரண்டு வாரம் என்பது இந்தப் பருவத்தில் மிகப் பெரியது. திரும்பி வரும்போது குழு மாறியிருக்கும், சிறு தேர்வு ஒன்று முடிந்திருக்கும், எல்லாரும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றும். பாடத்தைவிட அந்தக் கூச்சம் கலைவதற்குத்தான் நாளாகிறது. சடங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, உடம்பு தேறியதும் அவளை அனுப்புங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

பள்ளியில் புதுயுகம் திட்டத்தின் கீழ் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது. வயிற்றுவலி இருந்தால் ஓய்வெடுக்க இடம் உண்டு. பெண் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணத்தை வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். வர முடியாத நாட்களில் ஜன்னல் வழியே தெரியும் ஒரு மரத்தைப் பருவ நோட்டில் எழுதட்டும், அதையும் செயல்பாடாகவே எடுத்துக்கொள்வேன்.

கோடை விடுமுறையில் டியூஷனில் சேர்த்துவிடலாமா?

வாசிப்பிலோ வகுத்தலிலோ தடுமாற்றம் இருந்தால் தினம் அரை மணி நேரம் யாராவது உடன் உட்காருங்கள், அது போதும். மற்றவர்களுக்கு டியூஷன் வேண்டாம். நுங்கு வெட்டட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும், நூலகத்தில் புத்தகம் எடுக்கட்டும்.

ஒரே ஒரு வேலை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். வாசலில் அந்த ஒரு மீட்டர் குச்சியை நட்டு, மே 15 அன்று 12.10இலிருந்து 12.30 வரை நிழலை அளக்க வேண்டும். ஜனவரி முதல் வடக்கே விழுந்துகொண்டிருந்த நிழல் இப்போது தெற்கே விழுந்திருக்கும், ஏறத்தாழ 19 செ.மீ. பள்ளி திறந்த பிறகு ஜூன் 21 அன்று எல்லாரும் சேர்ந்து மறுபடியும் அளப்போம். அன்று அது 27 செ.மீ.யைத் தொட்டு, மறுநாளிலிருந்து குறையத் தொடங்கும்.